நான் திருப்பி அனுப்பிய வக்காலத்து

2013 டிசம்பரில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் கூட்டத்தைத் தடுக்கப் போன வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலை வழக்கில் தமிழ்நாட்டுக் கூலிகள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். அவர்களில் ஒருவனுக்கு ஆஜராகச் சொல்லி அவன் தாய் என்னிடம் வந்தார். மறுத்துவிட்டேன். கையில் வழக்குகள் அதிகம் என்றேன். அது பொய். பயந்துதான் மறுத்தேன்.

எங்கள் பங்காருபாளையம் மாங்காய் மண்டியால் பிழைக்கும் ஊர். என் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் மண்டிக்காரர்கள், தோப்புக்காரர்கள். அந்த வாரம் டீக்கடையிலும் கோர்ட் வராந்தாவிலும் ஒரே பேச்சு: “அவனுங்களுக்கு எதுக்கு வக்கீல்?” செத்தவர்கள் கடமை செய்யப் போனவர்கள். அவர்கள் வீட்டு நிலையை நினைத்து எனக்கும் வயிறு எரிந்தது. அந்தக் கோபத்தில் தப்பில்லை. ஆனால் கொன்றது யார் என்ற கேள்விக்குப் பிடிபட்ட அத்தனை பேரும்தான் என்று நானும் நம்பிக்கொண்டேனே, அதுதான் தப்பு. சாட்சியம் என்ன என்று கேட்பதே தொழிலாக உள்ளவன் அன்று அதைக் கேட்கவில்லை.

என்னைத் தேடி வந்த அந்தத் தாய் ஜவ்வாதுமலைக்காரர். “தமிழ் பேசுற வக்கீல்னு சொன்னாங்கய்யா, அதான் வந்தேன்” என்றார். ரிமாண்ட் அறிக்கை தெலுங்கில் இருந்தது. மகனுக்கோ தமிழைத் தவிர எதுவும் தெரியாது. தன்மேல் என்ன எழுதியிருக்கிறது, எதில் கைநாட்டு வைத்தோம் என்பதெல்லாம் யாராவது எடுத்துச் சொன்னால்தான் அவனுக்கு விளங்கும். எல்லையோரத்தில் பிறந்து இரண்டு மொழியும் படித்த நான் அதைக்கூடச் செய்யவில்லை. அந்தக் காகிதத்தை வாங்கி அவருக்குப் படித்துச் சொல்லியிருக்கலாம். “திருப்பதியில யாரையாவது பாரும்மா” என்று அனுப்பிவிட்டேன்.

சட்டம் தெரியாமல் செய்த காரியமில்லை. கைதான எவருக்கும் தனக்குப் பிடித்த வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு தருகிறது. இன்னாருக்கு ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் போடும் தீர்மானம் செல்லாது என 2010இல் ஏ.எஸ். முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்னை எந்தச் சங்கமும் தடுக்கவில்லை. நானாகவே ஒதுங்கினேன். ஒதுங்காமல் நின்றவர்களையும் எனக்குத் தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. நாடே கொதித்துக் கிடந்த அந்த வழக்கின் மேல்முறையீட்டில் தண்டனை பெற்றவர்களுக்காக மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் நின்றார். அடுத்த ஆண்டு மே மாதம் 19 பேர் விடுதலையானார்கள். அந்தத் தீர்ப்பை இளைய வழக்கறிஞர்களிடம் பெருமையாகச் சொல்லி வந்தவன் நான்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி அதே சேஷாசலத்தில் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிகள் 20 பேரைச் சிறப்புக் காவல் படை சுட்டுக் கொன்றது. தங்களைத் தாக்க வந்ததால் சுட்டோம் என்றது போலீஸ். செத்தவர்களில் சிலரைப் பேருந்திலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள் என்று, உடன் வந்து தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். அன்றும் இந்தப் பக்கத்தில் பலர், கடத்தல்காரன்தானே செத்தான் என்றார்கள். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது; வாய் திறக்க முடியவில்லை. வக்கீல் தேவையில்லை என்று பதினாறு மாதத்துக்கு முன்பு ஏற்றுக்கொண்டவன், விசாரணை வேண்டும் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

2016இல் அதிகாரிகள் கொலை வழக்கில் திருப்பதி நீதிமன்றம் 280க்கும் மேற்பட்டவர்களை விடுதலை செய்தது. பலர் அதற்குள் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்துவிட்டார்கள். அந்தத் தாயின் மகன் அவர்களில் ஒருவனா என்று பார்க்கவும் எனக்கு வழியில்லை. பெயரைக் குறித்து வைத்தால்தானே?

ஒன்றை மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நாங்கள் சிலராவது முதல் மாதத்திலேயே நின்று, இவன் அந்த இடத்தில் இருந்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒவ்வொருவனுக்காகவும் கேட்டிருந்தால், கொன்ற கைகளைத் தேடும் கட்டாயம் விசாரணைக்கு வந்திருக்கும். கூட்டமாகப் பிடித்தார்கள், கூட்டமாக விடுதலையானார்கள். கொன்றவன் இன்னான் என்ற பதில் அந்த அதிகாரிகளின் வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. பயந்து அந்த வக்காலத்தை மறுத்தபோதும், அவர்கள் பக்கம் நிற்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.