கலிங்கடிக் கொல்லை

பெரம்பலூர் ஊரோரத்தில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். தரகர் அதைக் காட்டியது சித்திரை மாதம். தரை வெடித்துக் கிடந்தது. பக்கத்து ஏரிக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "தண்ணீர்தான் கொஞ்சம் கஷ்டம்" என்றார்.

என் அக்காள் மகளுக்கு நிலப்படம் போடும் உத்தியோகம். லீவுக்கு வந்தவளிடம் தாய்ப்பத்திர நகலைக் காட்டினேன்.

"மாமா, அரியலூர் ரயில் விபத்து தெரியுமோல்லியோ?" என்றாள்.

தெரியாமலென்ன? 1956 நவம்பர் 23 விடியற்காலை. மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமா செய்தார். ராஜிநாமாவை நாம் மறக்கவில்லை, ஆற்றைத்தான் மறந்துவிட்டோம்.

"அந்த ஆறு பச்சைமலையிலே பிறக்கிறது. இந்தப் பக்கம் கொட்டினால் அரியலூருக்குப் போய்த்தானே ஆகணும்?" என்று சொல்லிக் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

முதலில் மேடு பள்ளப் படம். 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று பூமியைச் சுற்றிச் சுற்றி வந்து அளந்ததாம். ஓடைகள் புறங்கை நரம்புபோல் ஓடின. அடுத்தது ஐரோப்பாவின் சென்டினல் துணைக்கோள் எடுத்த படம். மழை நாளில் சாதாரணக் காமிராவுக்கு மேகம்தான் தெரியும். இதுவோ ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. அதற்கு மேகம் தடையில்லை. தேங்கிய தண்ணீர் கண்ணாடிபோல் அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழுகிறது.

2021 நவம்பர் படத்தில், ஏரிக்குக் கீழே ஒரு கறுப்பு நாக்கு நீண்டிருந்தது. அதன் நடுவில் என் மனை.

பத்திரத்தை மறுபடி புரட்டினேன். நிலத்தின் பெயர் 'கலிங்கடிக் கொல்லை'. ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் தண்ணீர் எங்கே போகும் என்பது பெயர் வைத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்ல ராக்கெட் வேண்டியிருந்தது!

முன்பணம் போயிற்று. தரகர் இப்போது போனை எடுப்பதில்லை. அது கிடக்கட்டும். கறுப்பை ஒட்டிச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. வீடுகள் என்றாள்.

"தண்ணி வருமாங்கிறது பாதிக் கணக்குதான், மாமா. வந்தால் யார் தாங்குவாங்கிறது மீதி. மாடி உண்டா, தூக்கிண்டு ஓடவேண்டிய கிழவி உண்டா, பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கா? இதையெல்லாம் படம் சொல்லாது. போய்க் கேட்கணும்."

போனோம். முதல் வீட்டுச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கறை, கோடு கிழித்தாற்போல. திண்ணையில் ஒரு பாட்டி.

"ஏரி ரொம்பினா வரும் ஐயா. அரிசியைப் பரண்மேலே ஏத்திட்டு, புள்ளைங்களை இழுத்துக்கிட்டுக் கோயில் மேட்டுக்குப் போயிடுவோம்" என்றாள். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "அந்த மனையை வாங்கப் போறது நீங்கதானே?" என்று கேட்டாள்.

"இல்லை பாட்டி, விட்டுவிட்டேன்."

அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஒங்களைப்போல நாலு பேர் குடிவந்தா வாய்க்கால் வெட்டிக் குடுப்பாங்கன்னு இருந்தோம்" என்றாள்.