வெள்ளையை முதலில் எடுத்து வை!

வாட்டர்கலரில் வெள்ளை நிறம் டியூபில் இல்லைங்க, தாளில்தான் இருக்கிறது. அலையின் நுரை வேண்டுமா? அந்த இடத்தில் வண்ணம் படாமல் விடவேண்டும். ஒருமுறை வண்ணம் ஏறிவிட்டால் பழைய வெள்ளை முழுசாகத் திரும்பாது.

பெரிய இடம் என்றால் சுற்றிப் பூசிவிடலாம். சிதறும் துளிகளை என்ன செய்வது? 19-ஆம் நூற்றாண்டில் டர்னர், பூசிய வண்ணத்தைச் சுரண்டி வெள்ளையை மீட்டார். பிறகு வந்த சார்ஜென்ட் மெழுகைத் தேய்த்து வண்ணம் ஒட்டாமல் செய்தார். ஆனால் மெழுகு தாளிலேயே தங்கிவிடும்.

மாஸ்கிங் ஃப்ளூயிட் அப்படி இல்லை. அது ரப்பர் பால். கெட்டியாகாமல் இருக்க அமோனியா சேர்த்திருப்பார்கள், நாற்றம் மூக்கைத் துளைக்கும். காய்ந்த தாளில் பூசி, அது உலர்ந்ததும் மேலே வண்ணம் தீட்டி, கடைசியில் விரலால் தேய்த்து உரித்துவிடலாம். பாட்டிலைக் குலுக்கக்கூடாது, குமிழி வரும். நல்ல பிரஷ்ஷை அதில் விடவே கூடாது. பழைய பிரஷ்ஷையும் சோப்புத் தண்ணீரில் நனைத்த பிறகே தொடவேண்டும். இல்லாவிட்டால் முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு குப்பைக்குத்தான் போகும்.

புதிதாகப் பழகுபவர் அழுவது கடைசியில்தான். ஆர்வம் தாங்காமல் ஈரத்தோடு உரிப்பார், தாளும் கூடவே கிழிந்து வரும். மூன்று மணி நேர வேலை போச்சு! நாள்கணக்கில் உரிக்காமல் விட்டாலும் இதே கதிதான்.

மாதக் கடைசியில் மிச்சம் பிடிக்கலாம் என்பவர் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. சம்பளம் வந்த அன்றே எடுத்து வைப்பவருக்குத்தான் சேமிப்பு. வெள்ளையும் அதே கணக்குதான்...