"டக்!" என்றது வண்டி

பிரயாணம் புறப்படும்போது பூனை குறுக்கே போனால் சகுனம் பார்ப்பார்கள். சென்ற வருஷம் எங்கள் வீட்டில் பூனை போகவில்லை. மோட்டார் காரே சகுனமாகிவிட்டது!

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. முதல் தடவை தேதி குறித்தபோது, "ஆடி மாசம், வேண்டாம்" என்றாள். இரண்டாம் தடவை பேத்திக்குப் பரீட்சை. "பரீட்சை எழுதப் போவது பேத்தியா, பாட்டியா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் பயம். அப்பா பக்கத்தில் இல்லாமல் அவள் ஆஸ்பத்திரி வாசற்படியை மிதித்தவள் அல்ல. அப்பா போய் நாலு வருஷமாகிவிட்டது.

மூன்றாம் தேதி குறித்தாயிற்று. காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆறு மணிக்கே அம்மா விபூதி இட்டுக்கொண்டு, பையும் பிளாஸ்க்குமாகக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் சுவாமியை நினைத்துக்கொண்டு சாவியைத் திருகினேன்.

"டக்!"

அவ்வளவுதான். மறுபடி திருகினேன். மறுபடியும் "டக்!"

"சரி, நான் இறங்கட்டுமா?" என்றாள் அம்மா. அந்தக் குரலில்தான் எத்தனை நிம்மதி!

"டாக்ஸி கூப்பிடுகிறேன், அம்மா. அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடும்."

"வேண்டாண்டி. கண் விஷயம். புறப்படும்போதே வண்டி மக்கர் பண்ணுகிறது. அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஊரில் உள்ள டாக்ஸியெல்லாம் வாசலில் வந்து நின்றாலும் பிரயோஜனமில்லை. இந்த வண்டி கிளம்பினால்தான் அம்மா கிளம்புவாள்.

நான் பட்டம் பெற்றவள். பத்திரிகையில் ஊரிலுள்ள விஷயங்களைப் பற்றியெல்லாம் எழுதுகிறவள். ஆனால் பானெட்டைத் திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. திறந்து, ஜோஸ்யர் ஜாதகத்தைப் பார்ப்பது போல் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. திரும்ப வந்து சாவியைத் திருகினேன்.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "சும்மாச் சும்மாத் திருகாதே! இருக்கிற கரண்டும் போய்விடும். சத்தம் ஒரே 'டக்'கா, 'டிக்-டிக்-டிக்'கென்று அடித்துக்கொள்கிறதா?"

நான் பிரமித்துப் போனேன். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அப்பாவின் பழைய வண்டிக்கு முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவள். காலை வேளையில் அது முரண்டு பிடித்தால், அப்பா முன்னால் நின்று ஹாண்டிலைப் போட்டுச் சுற்றுவார். அம்மா உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பாள். ஹாண்டில் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். இந்த ஆபத்து இல்லாமல் மின்சாரத்தாலேயே இன்ஜினைச் சுழற்றும் முறையைச் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமெரிக்காவில் அமைத்துக் கொடுத்தார். 1912-ம் வருஷத்துக் காடிலாக் காரில் அது வந்தது. நாம் இன்று சாவியைத் திருகுவது அவர் புண்ணியம்.

அம்மாவின் பாடத்தைச் சகோதரிகளுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். "டிக்-டிக்-டிக்" என்று விடாமல் அடித்தால் பாட்டரி சோர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே "டக்"கோடு நின்றால் ஸ்டார்ட்டருக்கு வேண்டிய கரண்டு போய்ச் சேரவில்லை, அல்லது ஸ்டார்ட்டரே பழுது. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளாவிட்டால் கோளாறு பாட்டரியில் இல்லை. பெட்ரோல் வரவில்லை, அல்லது பொறி விழவில்லை. சத்தமே இல்லையென்றால், கிளட்சை முழுக்க மிதித்தோமா என்று முதலில் பார்க்க வேண்டும். அதை மிதித்தால்தான் கிளம்பும் கார்கள் இப்போது பல உண்டு.

"முன் விளக்கைப் போட்டுக்கொண்டு திருகு. சுவரில் வெளிச்சம் மங்குகிறதா பார். எனக்கு எல்லா விளக்கும் மங்கல்தான், சுற்றிலும் ஒரு வளையம். நீயே பார்த்துச் சொல்" என்றாள்.

பளிச்சென்று இருந்த விளக்கு, சாவியைத் திருகியதும் அணைந்தே போயிற்று.

"அப்படியானால் ஸ்டார்ட்டர் பேரில் குற்றமில்லை. பாட்டரி, இல்லாவிட்டால் அதன் முனை."

விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கோ நூறு ஆம்பியருக்கு மேலும் வேண்டும். குழாயில் நூல் போல் வரும் தண்ணீர் தம்ளருக்குப் போதும்; அண்டாவுக்குக் காணுமா? அதே கதைதான்.

பாட்டரியின் முனையைப் பார்த்தேன். வெள்ளையும் பச்சையுமாய் ஒரே பூஞ்சணம். கையால் தொட்டதும் இறுக்கி ஆடியது.

"அப்பாவின் பத்தாம் நம்பர் ஸ்பானர் மர அலமாரியில் இருக்கிறது. சமையலறையிலிருந்து வெந்நீர், ஆப்பச் சோடா, ஒரு பழைய பல் பிரஷ் கொண்டு வா. முதலில் வளையலைக் கழற்று! சாவியை எடுத்துவிடு. மைனஸ் முனையை முதலில் கழற்றணும், கடைசியில் மாட்டணும்."

மைனஸ் முனை காரின் உடம்போடு சேர்ந்தது. அது மாட்டியிருக்கும்போது பிளஸ் முனையில் இருக்கும் ஸ்பானரோ வளையலோ காரின் இரும்பில் பட்டால் பொறி பறக்கும். சோடாத் தண்ணீரை பாட்டரிக்குள் போகாமல் முனையில் விட்டேன். நுரைத்துப் பொங்கியது, அமிலம் அடங்குகிற அடையாளம். தேய்த்து, துடைத்து, உலர்த்தி, இறுக்கி முடுக்கினேன். மேலே கொஞ்சம் வாஸலின் தடவினேன்.

மணி ஆறு முப்பத்தைந்து. சாவியைத் திருகினேன். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது!

அம்மா குழந்தை மாதிரி கைதட்டிச் சிரித்தாள். மறு கணமே, 'ஐயோ, கிளம்பிவிட்டதே!' என்று ஞாபகம் வந்து மௌனமாகிவிட்டாள். வழி நெடுக அப்பாவின் ஸ்பானர் அவள் மடியிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது அதை என் கையில் கொடுத்து, "பத்திரம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள்.

அவள் உள்ளே இருந்த நேரம் முழுதும் அந்த ஸ்பானரைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். பாட்டரியைக் கடையில் காட்டினேன். அதில் பழுது இல்லை, முனைதான் கோளாறு என்றார்கள்.

ஒரு வாரம் கழித்து அம்மா, "அந்தப் பானெட்டைத் திற, பார்க்கலாம்" என்றாள். பெருமையோடு திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, இதையா சுத்தம் பண்ணினேன் என்றாய்? இவ்வளவு அழுக்கு இருக்கிறதே!"

அதோடு விட்டாளா? நேரே சமையலறைக்குள் நுழைந்தாள். அங்கே அவள் கண்ணில் பட்டதை நான் எழுதப் போவதில்லை. இடது கண்ணுக்குத் தேதி குறிக்கும் முன் வீட்டுக்கு வெள்ளையடித்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன்.