ரிமோட் இல்லாத விமானம்

வேலையில் நான் எழுதும் மென்பொருளை வெளியிட்ட பிறகும் திருத்தலாம். என் பால்சா இரட்டைச் சிறகு விமானத்தைக் கையிலிருந்து விட்டபின் எதுவும் செய்ய முடியாது. ரிமோட் கிடையாது, முறுக்கிய ரப்பர்தான் மோட்டார். 1871இல் பாரிசில் அல்போன்ஸ் பெனோ விட்ட மாதிரி விமானமும் ரப்பர் முறுக்கில்தான் 11 விநாடி பறந்தது.

அதனால் கவனமெல்லாம் முன்கூட்டியே வேண்டும். மேலொன்று, கீழொன்று என இரண்டு சிறகுகள்; ஒட்டிய டிஷ்யூ காகிதம் காயும்போது ஒன்று கோணினாலும், ஒரு மாத உழைப்பு சுழன்று விழும். முதலில் ரப்பரை முறுக்காமல், புல்தரையில் மெல்ல விட்டுப் பாருங்கள். மூக்கைத் தூக்கித் தடுமாறினால் முன்னால் கொஞ்சம் களிமண் ஒட்டுங்கள். சீராகச் சறுக்கி இறங்கிய பிறகே முறுக்குங்கள், அதுவும் முதலில் 50 சுற்று போதும்.

போன வாரம் என்னுடையது தானாக வட்டமிட்டு ஏறியது. "மாமா, இப்ப யார் ஓட்டுறது?" என்றான் அக்கா மகன்.

"மேசையிலேயே ஓட்டி முடிச்சாச்சு" என்றேன்.