பால் வேண்டாம் அண்ணே

பாலை ஒரு மாதம் விட்டுப் பார்ப்பதென்றால் மலேசியத் தமிழருக்கு ஜனவரியைப் போலப் பொல்லாத மாதம் வேறில்லை. 2024இல் 15ஆம் தேதி பொங்கல், 25ஆம் தேதி தைப்பூசம். ஒன்றில் பால் பொங்கி வழிய வேண்டும். மற்றதில் பால் தலையில் ஏற வேண்டும். என் மகளுக்கு இது தெரியாமல் இல்லை. பிரிட்டனில் 2014இல் தொடங்கிய ‘வீகனுவரி’ இயக்கம் ஜனவரி முழுக்க இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் எதையும் தொடாமல் இருந்து பார்க்கச் சொல்கிறது. அவள் அலுவலகத்தில் நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். “நீங்களும் வாங்களேன்ப்பா. புரட்டாசி முழுக்கச் சைவமா இருக்கீங்க, இது என்ன பெரிய விஷயம்?” என்றாள். அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தயிர் இல்லாமல் நான் கை கழுவியதை அவள் பார்த்ததே இல்லை.

புரட்டாசி விரதம் எனக்குக் கிள்ளானில் பழகியது. பெர்சியாரான் ராஜா மூடா மூசாவில் இருக்கிற ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயில் 1890களிலிருந்து வருவது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே வரிசை சாலைவரை நிற்கும். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் மீன்சட்டியைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிடுவார்கள். ஆனால் யாரும் வாடியதாக ஞாபகம் இல்லை. பருப்பில் நெய், முடிவில் கெட்டித்தயிர், சனிக்கிழமைகளில் பால் பாயசம். கோழி விட்டுப்போன இடத்தை மாடு நிரப்பிக்கொண்டது, அவ்வளவுதான். வள்ளுவரும் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தார். பாலைக் கேள்வி கேட்கவில்லை. ஆகவே புரட்டாசியில் எடுத்த பயிற்சி ஜனவரிக்குப் பாதிதான் உதவியது.

முதல் சோதனை பசியாறப் போன இடத்தில். பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகப் போகும் மாமாக் கடையில் நான் உட்காருவதற்குள் தே தாரிக் வந்துவிடும். “பால் வேண்டாம் அண்ணே, தே ஓ” என்றேன். “சக்கரை வியாதியா?” என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த குழப்பத்தைத் தீர்க்க எனக்குத் தெரியவில்லை. ரொட்டி சானாயும் ஆகாது. மாவில் நெய்யோ மார்ஜரினோ சேரும், சில கடைகளில் டின்பாலும் முட்டையும்கூடச் சேரும். தோசை கேட்டேன், நெய் போடாமல். சாம்பாரா, டால்ச்சாவா என்றார். டால்ச்சாவில் ஆட்டெலும்பு கிடக்கும். ஆக சாம்பார்.

டின்பால் என்றதும் எனக்கு நினைவு வருவது ருசி அல்ல, டின். காலி டின்னின் மூடியை முழுக்க வெட்டாமல் விட்டு, ஓட்டை போட்டு, ரப்பியா கயிறு கட்டிச் சீனர் கடையில் கோப்பி கட்டிக் கொடுப்பார்கள். விரலைச் சுடும் அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு தாத்தாவுக்குக் கொண்டுபோகும் வேலை என்னுடையது. தலையில் பால் சுமக்கும் பெண்ணின் படம் போட்ட டின். மலாயில் ‘சாப் ஜுன்ஜோங்’. அந்தப் பாலை விற்ற ஆங்கிலோ-ஸ்விஸ் கண்டென்ஸ்ட் மில்க் கம்பெனி 1912இல் பினாங்கில் கடை விரித்தது. பின்னாளில் நெஸ்லே என்று எல்லார் வாயிலும் நின்றது அதுதான். கறந்த பால் வேண்டுமென்றால் சைக்கிளில் வரும் சிங் பால்காரரை எதிர்பார்க்க வேண்டும், அல்லது தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர் தயவு வேண்டும். டின்பாலுக்கு இரண்டும் வேண்டாம். வெயிலில் கெடாது, கடையில் கடனுக்கும் கிடைக்கும்.

கைக்குழந்தைகளுக்கும் அதையே கரைத்துக் கொடுத்தார்கள். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் எழுந்து ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டே பேசினார். இனிப்பு டின்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று விளம்பரம் செய்வது குழந்தைகளைக் கொல்கிறது, அதைக் கொலை என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். அந்தக் காலத்தில், அந்தச் சபையில், ஒரு பெண் அப்படிப் பேசியதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! இது எனக்குத் தெரியவந்ததும் இந்த மாதத்தில்தான். பாலைக் குடிக்காதவனுக்குப் பாலைப் பற்றிப் படிக்க நேரம் கிடைக்கிறது.

பாட்டி காப்பார் சாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் நிரைக்குப் போய்விடுவார். அவர் லயத்து அடுப்பில் வாரத்தில் பெரும்பாலான நாள் வெந்தவற்றை இப்போது எண்ணிப் பார்த்தால் முருங்கைக்கீரை, பருப்பு, ரசம், தேங்காய்த் துவையல், கிழங்கு. சம்பள நாளில் மட்டும் இறைச்சி. இடையில் ஒரு கருவாட்டுத் துண்டோ சார்டின் டின்னோ தலைகாட்டாமல் போனால் அது முழு வீகன் சாப்பாடு. இதை மகளிடம் சொன்னபோது அவள் மகிழ்ந்துபோய், “பாருங்க, நம்ம பாட்டியே வீகன்” என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தவர் பாட்டி. பிறகு சாகும்வரை மரவள்ளியை அவர் வாயில் வைக்கவில்லை. பேரன் கொள்ளையாகக் கோழி கிடைக்கிற ஊரில் வேண்டுமென்றே கீரையோடு நிறுத்திக்கொண்டான் என்று கேள்விப்பட்டிருந்தால் கிழவி எனக்குக் கிறுக்கு என்றுதான் சொல்லியிருப்பார். இல்லாமையைத் திருப்பி எடுத்துக் கொள்கையாக மாட்டிக்கொள்வதில் ஏதோ ஓர் அசிங்கம் இருக்கிறது. அதை மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ரப்பர் நிரைகளைச் சாய்த்துப் பின்னால் செம்பனை நட்டார்கள். இன்று மாமாக் கடைகளில் அடுக்கியிருக்கும் டின்களில் பலவற்றில் பால் என்று எழுதியிருக்காது, ‘கிரிமர்’ என்று எழுதியிருக்கும். சீனி, செம்பனை எண்ணெய், கொஞ்சம் பால்மாவு. நாம் பால் என்று நம்பி இழுத்து ஆற்றிக் குடிப்பதில் பெரும்பகுதி மாட்டிலிருந்து வருவதே இல்லை. அந்தக் கொஞ்சம் பால்மாவு மட்டும் என் மாதத்தைக் கெடுத்தது.

எனக்குக் கைகொடுத்தது நம்முடைய சைவச் சமையல் அல்ல. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் மோர் மிளகாய், தயிர், நெய், பாயசம் என்று நாலு பக்கமும் மாடு நிற்கிறது. பக்கத்துச் சீனர் சைவக் கடையில்தான் மூச்சு விட்டேன். பௌத்த முறைச் சைவம். வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை, பாலுக்கு அந்தச் சமையலில் வேலையே கிடையாது. அன்று பத்து வெள்ளிக்குள் சோறும் மூன்று கறியும் கிடைத்தன. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதம் முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் விழா. அப்போது அம்பாங் கோயிலைச் சுற்றி வெள்ளை உடுத்தியவர்களும் மஞ்சள் கொடிகளும் சைவக் கடைகளும்தான். அது பெரும்பாலும் நம் புரட்டாசியோடு ஒட்டியே வரும். அரை நூற்றாண்டாக இரண்டையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை.

அதே போல ஜாவாக்காரர்கள் கொண்டுவந்த தெம்பே. சோயா மொச்சையைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கியது. மெல்லிசாக வெட்டி மஞ்சள் உப்பு தடவிப் பொரித்தால் மீன் வறுவல் இல்லாத குறை பாதி தீரும். பாசார் மாலாமில் சோயாப்பால், இடியாப்பத்தோடு தேங்காய்ப்பூவும் கருப்புச் சீனியும். ஆபத்து ஒன்றே ஒன்று, பெலாச்சான். கங்கோங் கீரை என்று ஆசையாகக் கேட்டால் அதற்குள் இறால் அரைத்துக் காயவைத்த அந்தக் கட்டி உட்கார்ந்திருக்கும். நாசி லெமாக்கின் சோறு தேங்காய்ப்பால், சம்பல் நெத்திலி.

பொங்கல் அன்று பிரச்சினையைத் தீர்த்தது என் மனைவியின் தோழி, யாழ்ப்பாணத்து வழி வந்தவர். ரயில்வேயில் வேலை பார்த்த அவர் தகப்பனார் காலத்தில் அவர்கள் பிரிக்பீல்ட்ஸில் ரொசாரியோ சாலைப் பக்கம் ‘நூறு குவார்ட்டர்ஸில்’ இருந்தவர்கள். அந்த வீடுகளை இப்போது இடித்துவிட்டார்கள். “ஏன் யோசிக்கிறீங்க? எங்க வீட்டில தேங்காய்ப்பால் விட்டுத்தானே பொங்குவோம்” என்றார் சாதாரணமாக. அப்படியே பொங்கினோம். பானை பொங்கி வழிந்தது. தயிருக்குப் பதிலாகச் சொதி வைக்கவும் மனைவி அவரிடம்தான் கற்றுக்கொண்டாள். ஒரே தெருவில் முப்பது வருடம் இருந்தும் அந்தச் சொதி எங்கள் வீட்டுக்குள் வர ஒரு வீகன் மாதம் வேண்டியிருந்தது.

தைப்பூசம் அப்படித் தீரவில்லை. பத்துமலையில் 1892இலிருந்து பூசம் நடக்கிறது. என் மனைவி எனக்கு நெஞ்சுவலி வந்த வருடத்திலிருந்து பால்குடம் எடுக்கிறாள். விரதமிருந்து, கடையில் பெட்டிப் பால் வாங்கி, குடத்தில் ஊற்றி மஞ்சள் துணி கட்டி, 272 படி ஏறுவாள். மகள் ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தாள்: “அம்மா, தேங்காய்ப்பால் எடுத்தா என்னம்மா?” மனைவி, “முருகன்கிட்ட நான் சொன்னது பசும்பால்” என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது. நான் நடுவில் போகவில்லை. நேர்த்திக்கடன் செலுத்துகிறவருக்கும் சாமிக்கும் இடையில் உள்ளது. அதில் மூன்றாம் ஆளுக்கு, அவர் எவ்வளவு நியாயமானவராக இருந்தாலும், இடமில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். மகளும் அன்று அம்மாவோடு படியேறினாள். கீழே தண்ணீர்ப் பந்தல்களில் தயிர்ச்சோறு, மோர், ரோஸ் பண்டோங் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். நானும் அவளும் புளிச்சோறு தேடிப் போனோம். பத்துமலையில் அது ஒன்றும் கஷ்டமில்லை.

பிப்ரவரியில் தயிருக்குத் திரும்பிவிட்டேன். மீனுக்கும்தான். தேநீர் மட்டும் தே ஓவாக நின்றுவிட்டது. டின்பால் போட்டால் இப்போது திகட்டுகிறது. மகள் தொடர்கிறாள். நீங்களும் ஒரு மாதம் இருந்து பார்க்க நினைத்தால் ஜனவரியை விடுங்கள், புரட்டாசியில் தொடங்குங்கள்; வீட்டில் மீன்சட்டி ஏற்கெனவே பரணில் இருக்கும், சீனர் சைவக் கடைகளும் விழாவுக்குத் தயாராக இருக்கும். சாப்பிடும் முன் பெலாச்சான் உண்டா என்று கேளுங்கள். ஒரு மாதத்தோடு நிறுத்தாமல் மகளைப் போலத் தொடர்வதென்றால் பி12 மாத்திரையை மறக்காதீர்கள்; அந்தச் சத்து எந்தக் கீரையிலும் கிழங்கிலும் கிடைக்காது.