அழாத பிள்ளைகள்

எங்கள் தந்தை இறந்தது 1991ஆம் ஆண்டு, பங்குனி மாதத்தில். பரளச்சியைச் சுற்றிய கரிசல் காடுகளில் அது மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காயப்போடும் காலம். காற்றில் வற்றல் நெடி வந்தால் இன்றும் எங்கள் மூவருக்கும் அந்த நாள்தான் நினைவில் எழுகிறது. அன்று மூத்தவருக்கு வயது பதினான்கு, நடுப்பிள்ளைக்குப் பத்து, இளையவளுக்கு ஆறு.

சாவு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தை நம் மரபு வகுத்து வைத்திருக்கிறது. பெண்களுக்கு ஒப்பாரி இருக்கிறது. மாரடித்து அழுது, செத்தவரின் பெருமையைச் சொல்லி, வாழ்ந்தபோது சொல்ல முடியாத குறைகளையும் அதிலேயே சொல்லித் தீர்த்துக்கொள்கிறார்கள். மூத்த மகனுக்குக் கொள்ளிக்குடம். தாத்தாவோ பாட்டியோ இறந்தால் பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம் கொடுத்துச் சுற்றிவரச் செய்வதும் உண்டு. ஆனால் இளம் வயதில் தகப்பன் இறந்துபோனால், கொள்ளி வைக்கும் பிள்ளையைத் தவிர மற்றப் பிள்ளைகளுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. "பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க" என்ற குரல் மட்டுமே அவர்களுக்கானது.

அப்படித்தான் இளையவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா மதுரைக்கு வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறார் என்று சொன்னார்கள். சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அவள் அதை முழுமையாக நம்பினாள். பல மாதங்கள் சாயங்கால பஸ் வரும் நேரத்துக்குச் சரியாக நிறுத்தத்தில் போய் நின்றாள். இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வருவாள். எங்களுக்கு உண்மை தெரியும்; ஆனால் அதைச் சொல்லும் சொல் எங்களிடம் இல்லை. கூட்டி வருவதற்கு மட்டும் போனோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர் ஒருவர் மூத்தவரின் மொட்டைத் தலையில் கைவைத்து, "இனிமே நீதான்யா இந்த வீட்டுக்கு ஆம்பிள. அழக் கூடாது" என்றார். அவர் அழவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுச் சீமைக் கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைக்குப் போனார். எங்களில் ஒருவர் தமிழில் முதுகலை படித்துக் கல்லூரியில் பாடம் நடத்துவதற்கு, மற்றொருவர் பதினான்கு வயதில் கரிப்புகைக்குள் நின்றதே விலை.

பாரி மகளிரின் பாடலை, புறநானூற்றின் 112ஆம் பாடலை, ஆண்டுதோறும் மாணவருக்கு நடத்துகிறோம். ஐந்தே அடிகள். பறம்பை இழந்த துயரமும் தந்தையை இழந்த துயரமும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் அழுகையைக் குறிக்கும் ஒரு சொல்கூட அதில் இல்லை. சென்ற மாத நிலவும் இந்த மாத நிலவும்தான் இருக்கின்றன. கையறுநிலை என்று துறை சொல்லிக் கடந்துவிடுவோம். பிள்ளைகளின் துக்கம் பெரும்பாலும் இப்படித்தான், வேறொன்றைப் பற்றிய பேச்சாக வெளிப்படும் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று. எங்கள் இளையவளுக்கு அந்த நிலவு, சாயங்கால பஸ்.

எங்கள் பக்கத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமனைப் பின்னாளைய ரமண மகரிஷியாகவே நாங்கள் அறிந்திருந்தோம். தந்தையை இழந்த சிறுவனாக எண்ணிப் பார்த்ததில்லை. தந்தை சுந்தரமய்யர் திருச்சுழியில் வழக்காடியவர், 1892இல் இறந்தார். அப்போது வேங்கடராமனுக்கு வயது பன்னிரண்டு. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அவரும் அண்ணன் நாகசாமியும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். தம்பியும் தங்கையும் தாய் அழகம்மாளோடு மானாமதுரையில் தங்கினார்கள். ஒரே சாவில் தந்தையும் ஊரும் தாயின் அருகாமையும் போயின. நான்கு ஆண்டுகள் கழித்து, 1896இல், நோய் எதுவும் இல்லாத நிலையில் மதுரை வீட்டின் மாடியில் மரண பயம் அவரைத் திடீரென்று பற்றியது. பிணம்போல் படுத்துச் சாவு என்பது என்ன என்று தமக்குள் விசாரித்தார். சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டவர் விட்டுச்சென்ற கடிதம், தம் தந்தையைத் தேடிப் போவதாகத்தான் சொன்னது. அவர் குறித்தது அருணாசலேசுவரரை. ஒரு ஞானியின் வாழ்வைச் சிறுவனின் துக்கமாகச் சுருக்குவது எமது நோக்கமன்று. ஆயினும் அந்த நான்கு ஆண்டு மௌனமும், கடிதத்தில் தந்தை வந்து நின்றதும் எங்களை யோசிக்க வைத்தன.

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வில்லியம் வோர்டன், ஃபிலிஸ் சில்வர்மன் ஆகியோர் தாயையோ தந்தையையோ இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். சில பிள்ளைகளுக்குத் துன்பம் முதலாண்டில் அன்றி, இரண்டாம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. ஊரார் மறந்து, 'பிள்ளை தேறிவிட்டான்' என்று சொல்லத் தொடங்கும் காலம் அது. இறந்தவரைப் பிள்ளைகள் மறந்துவிடவில்லை, கனவிலும் பேச்சிலும் அவர் விட்டுச்சென்ற பொருள்களிலும் உறவைத் தொடர்ந்தார்கள் என்பதையும் அவர்கள் கண்டனர்.

2021இல் கொரோனாவால் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்தோருக்கு 3 லட்சம் ரூபாயும் தமிழக அரசு அறிவித்தது. 1991இல் அப்படி ஒரு தொகை கிடைத்திருந்தால் எங்கள் மூத்தவர் படித்திருக்கக்கூடும். பணம் மிக முக்கியம். பணமில்லாத வீட்டில் துக்கத்துக்கு நேரமும் இருப்பதில்லை. ஆனால் பணம் வந்த பின்னரும், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளையிடம் யாரேனும் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தந்தையின் திதியன்று இரவு, முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக அந்த நாளைப் பற்றிப் பேசினோம். மூத்தவர்தான் தொடங்கினார். "அன்னைக்கு எனக்கு அழுகை முட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்பா செத்ததுக்கு இல்ல. மொட்டைத் தலையோட பள்ளிக்கூடம் போனா பயலுக சிரிப்பானுகளேன்னு. இதை யார்ட்டயும் சொன்னதில்ல." ஐம்பதை நெருங்கும் மனிதர், பதினான்கு வயதுக் குற்றவுணர்வை அதுவரை தனியே சுமந்திருந்தார். பிள்ளைகள் அப்படித்தான் நினைப்பார்கள், அது பாசமின்மை அன்று என்று சொல்ல அப்போது ஒருவரும் இல்லை. நாங்கள் சொன்னோம். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவனேனும் பதினாறு நாள் விடுப்புக்குப் பின் மொட்டைத் தலையோடு வகுப்புக்கு வருகிறான். "தைரியமா இரு, நீதான் குடும்பத்தைப் பாக்கணும்" என்று ஆசிரியர்கள் நாங்களும் சொல்லியிருக்கிறோம். இப்போது சொல்வதில்லை. தந்தையின் பெயர் என்ன, அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்கிறோம். சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். சிலர் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அன்றிரவு நெடுநேரம் பேசாமலிருந்த இளையவள் கடைசியில் கேட்டாள்: "அண்ணே, அப்பா கொரல் எப்பிடி இருக்கும்?"

மூத்தவர் கனத்த குரல் என்றார். நடுப்பிள்ளையின் நினைவில் அது மெல்லிய குரல். திருத்திக்கொள்ள யாரும் முயலவில்லை. இரண்டையும் அவள் கேட்டுக்கொண்டாள்.