உடல் ஒன்று, வண்டி நான்கு

ஐரோப்பாவில் ஓடும் பெண்கள் சைக்கிள் அணி ஒன்றில் மெக்கானிக்காக இருக்கிறேன். வசந்தத்தில் தார்ச்சாலைப் பந்தயம், கோடையில் மவுண்டன் பைக், குளிர்காலத்தில் சேற்றுத் தடத்தில் சைக்ளோகிராஸ், நடுவில் சரளைப் பாதையில் கிராவல் என்று எங்கள் வீராங்கனைகள் ஆண்டு முழுக்க வண்டி மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள். இவற்றில் எந்த வண்டியைத் தயார் செய்வது கஷ்டம் என்று பலரும் கேட்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் கஷ்டமில்லை. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் பெண்ணின் முழங்காலும் இடுப்பும் அந்த மாற்றத்தில் திண்டாடாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

இப்படி எல்லாத் தடத்திலும் ஓடுவது பெண்கள் பந்தயத்தில் வேரூன்றிய வழக்கம். நெதர்லாந்தின் மரியானே வோஸ் சைக்ளோகிராஸில் 8 முறை, சாலையில் 3 முறை உலகச் சாம்பியன். 2008 பெய்ஜிங்கில் டிராக்கிலும் 2012 லண்டனில் சாலையிலும் ஒலிம்பிக் தங்கம். 2024-ல் கிராவல் பட்டம். பிரான்ஸின் பாலின் ஃபெரான்-பிரேவோ 2014-ல் சாலையிலும், 2015-ல் சைக்ளோகிராஸிலும் மவுண்டன் பைக்கிலும் வென்று, உலகச் சாம்பியனுக்கான மூன்று வானவில் ஜெர்சிகளையும் ஒரே சமயத்தில் வைத்திருந்தவர். அவரே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் தங்கம் வாங்கிவிட்டு, மறு ஆண்டே பாரிஸ்-ரூபே, டூர் டி பிரான்ஸ் இரண்டையும் ஜெயித்தார். இன்னொரு வீராங்கனை பக் பீட்டர்சே 2024 ஆகஸ்டில் லியேஜில் டூர் கட்டம் ஒன்றை வென்று, மூன்று வாரங்களுக்குள் அந்தோராவில் மவுண்டன் பைக் உலகப் பட்டம் வென்றார். அந்த மூன்று வாரத்தில் உடல் எப்படி வண்டி மாறியது என்பதைத்தான் என்னைப் போன்ற மெக்கானிக்குகள் உற்றுப் பார்ப்போம்.

சீட் உயரத்தை கிராங்க் அச்சிலிருந்து அளப்பது பொதுவான பழக்கம். ஒரே வண்டி ஓட்டுபவருக்கு அது போதும்; எங்களுக்குப் போதாது. சாலை ஷூவின் அடியில், பெடலோடு பூட்டும் மூன்று போல்ட் கிளீட். சேற்றில் இறங்கி ஓட வேண்டிய சைக்ளோகிராஸ் ஷூவில் இரண்டு போல்ட் கிளீட். பெடலும் வேறு, ஷூ அடியின் தடிமனும் வேறு. அச்சிலிருந்து ஒரே உயரம் வைத்தால்கூட கால் நீளும் தூரம் சில மில்லிமீட்டர் மாறிவிடும். முழங்கால் அதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே பெடல் தாழ நிற்கும்போது, ஷூவோடு சேர்த்து, பாதம் பதியும் இடத்திலிருந்து சீட் மேல்வரை அளக்கிறேன். மவுண்டன் பைக்கில் சஸ்பென்ஷன் அமுங்குவதால், வீராங்கனையை முழு உடையில் ஏற்றி உட்காரவைத்தே அமுக்கத்தைப் பார்க்க வேண்டும். தையற்காரரின் அளவு நோட்டைப் போல ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஷூ மாறினால் அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதுகிறேன்.

பிரேக் விஷயமும் அப்படித்தான். நம் ஊர் சைக்கிளில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக். ஐரோப்பாவில் பலருக்கு வலது கை பின் பிரேக். பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்கு நம் ஊர் வழக்கமே. எந்த வழக்கம் என்பது அவரவர் விருப்பம். ஆனால் ஒருவருடைய எல்லா வண்டிகளிலும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். சரிவில் கை யோசித்துப் பிடிக்காது.

அடுத்தது காற்று. என் வேலையில் பாதி இதுதான். சாலையில் 28 மி.மீ. டயருக்கு நான்கைந்து பார்; ரூபேயின் கற்பாதைக்கு இன்னும் அகலமான டயர், குறைந்த காற்று. சைக்ளோகிராஸில் டயர் 33 மி.மீ.-க்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதி. அகலத்தைக் கூட்ட வழியில்லாததால், சேற்றில் பிடிமானம் முழுக்கக் காற்றைக் குறைப்பதில் இருக்கிறது. ஒன்றரை பாருக்கும் கீழே இறங்கிவிடுவோம். அங்கே 0.1 பார்கூட வளைவில் தெரியும். ஐம்பத்தைந்து கிலோ வீராங்கனைக்கு, எழுபத்தைந்து கிலோ ஆணுக்குப் போட்ட கணக்கை அப்படியே வைத்தால் டயர் கல்லாகத் துள்ளும். இரண்டு கேஜ்கள் ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. அதனால் அக்டோபரில் எடுத்த கேஜையே பிப்ரவரி வரை கையில் வைத்திருப்பேன்.

பந்தயத்துக்குப் பந்தயம் எங்கள் வேலையின் வேகமும் மாறும். சைக்ளோகிராஸில் தடத்தின் ஓரம் நாங்கள் நிற்கும் பிட்டில் வண்டி மாற்றலாம்; சேறு அதிகமானால் அரைச் சுற்றுக்கு ஒருமுறை வண்டி வரும், அதைக் கழுவி, எண்ணெய் விட்டு நீட்ட வேண்டும். ஒலிம்பிக் வகை மவுண்டன் பைக் பந்தயத்தில் வண்டி மாற்றவே கூடாது; புறப்பட்ட வண்டியிலேயே முடிக்க வேண்டும். முதலாவதில் கை பறக்க வேண்டும்; இரண்டாவதில் முந்தின இரவே ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் தொட்டிருக்க வேண்டும்.

அளவுகளில் விதியும் தலையிடுகிறது: 2026 முதல் சாலைப் பந்தயத்தில் ஹேண்டில்பார் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு குறைந்தது 400 மி.மீ. இருக்க வேண்டும் என்று விதி வந்தது. தோள் குறுகிய பெண்களை நினைக்காமல் எழுதிய விதி என்று எதிர்ப்பும் வந்தது. அந்த எதிர்ப்பு நியாயம் என்பதே என் கட்சி. உடம்பை அளந்து வண்டி செய்ய வேண்டும். வண்டிக்கு உடம்பை மடக்கக்கூடாது.

உங்கள் வீட்டில் ஆபீஸுக்கு ஒன்று, ஞாயிறு காலைக்கு ஒன்று என இரண்டு சைக்கிள் இருந்தால் இன்றே ஒரு டேப் எடுங்கள். நீங்கள் போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, பாதத்திலிருந்து சீட் வரை இரண்டிலும் அளந்து எழுதிவையுங்கள். கடைக்காரர் சொல்லும் உயரத்தைவிட அந்தக் காகிதம் உங்கள் முழங்காலை அதிக நாள் காப்பாற்றும்.